12 நாளில் 7 நாடு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டுச் சுற்றுலாக்களைப் பற்றி வெளியான கட்டுரை, ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் குறைந்த நாட்களில் கூடுதல் நாடுகளைப் பார்த்துவிடுவதே சிக்கனம் என்று சொல்லியிருந்தது. அதை நம்பி ஒரு முறை ஏமாந்தவன் என்ற முறையில் என் மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பணி ஓய்வு பெற்ற பின் நானும் மனைவியும் 12 நாளில் 7 நாடு என்ற குழுச் சுற்றுலா ஒன்றில் சேர்ந்தோம். காலை ஆறரைக்கு ஹோட்டல் வாசலில் பெட்டியை வைத்தால் அதன்பின் பொழுதெல்லாம் பேருந்துதான். நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையங்களின் கழிப்பறைகளைப் பார்த்த அளவுக்கு ஓவியங்களைப் பார்க்கவில்லை. பாரிஸுக்கு எங்களை அழைத்துச் சென்றது ஒரு செவ்வாய்க்கிழமை. லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் சொல்லவும் இல்லை. அதன் முற்றத்தில் 1989-இல் எழுப்பிய கண்ணாடிப் பிரமிடின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு 20 நிமிடத்தில் பேருந்துக்குத் திரும்பினோம். திங்கட்கிழமை எங்கள் ஊர் அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை திறக்காது என்று அறியாமல் வெளியூர்க்காரர்கள் வேனில் வந்து இறங்கி, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு டீயைக் குடித்துத் திரும்புவதைத் தக்கலைக்காரனான நான் எத்தனையோ முறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கான பலன் பாரிஸில் கிடைத்தது.

அந்தப் பயணத்தில் ரோமுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு பிற்பகல். கொலோசியத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகக் கண்டோம். நம் குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் வழங்கப்பட்ட புனித பேதுரு சதுக்கத்தில் சற்று நேரம் நின்றோம், அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, யாரையும் நம்பாமல், ரோமுக்கு மட்டும் ஆறு நாட்களுக்குப் போனோம். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மதம் பார்க்காமல் போய்வரும் மாவட்டம் நம்முடையது. 1544-இல் நம் கடற்கரை ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அந்தச் சவேரியாரின் வலது முன்கை, 1614-இல் கோவாவில் இருந்த உடலிலிருந்து பிரிக்கப்பட்டு, ரோமில் ஜெசூ என்னும் இயேசு சபை ஆலயத்தில் பீடத்தின் மேல் ஒரு பேழையில் இருக்கிறது. நாங்கள் முதலில் போனபோது மதிய நேரம். நம் கோயில்களில் நடை சாத்துவதுபோல் அங்கும் பல ஆலயங்களை மதியம் மூடிவிடுகிறார்கள். குழுவோடு போயிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். தங்கியிருந்ததால் மாலையில் மறுபடியும் போனோம். நுழைவுக் கட்டணம் ஏதும் இல்லை. கோட்டாற்றுத் தேரோட்டத்தின் நெரிசலையே பார்த்துப் பழகிய என் மனைவி, ஆளரவமற்ற அந்தப் பீடத்தின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நல்ல மழை. சுமார் 1,900 ஆண்டுப் பழமையுள்ள, பாந்தியன் என்னும் ரோமானியக் கட்டடத்தின் குவிமாடம் 43 மீட்டருக்கு மேல் அகலமுடையது. அதன் உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு, கண்ணாடியோ மூடியோ கிடையாது. மழை நேராக உள்ளே விழுந்து, பளிங்குத் தரையில் உள்ள சிறு துளைகள் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பழைய நாலுகெட்டு வீட்டின் நடுமுற்றத்தில் மழை விழுவதைத் திண்ணையில் இருந்து பார்த்து வளர்ந்த எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. தெருக்களில் 'நாசோனே', அதாவது பெரிய மூக்கு, என்று அவர்கள் அழைக்கும் இரும்புக் குழாய்களில் குளிர்ந்த குடிநீர் எந்நேரமும் ஓடுகிறது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து நீர் பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம். ஆறு நாளும் தண்ணீருக்கு ஒரு காசு செலவழிக்கவில்லை. வாடகைக்கு எடுத்த சிறிய வீட்டில் அடுப்பு இருந்ததால் இரவில் கஞ்சியும் பயறும் நாங்களே வைத்துக்கொண்டோம். திரும்பி வந்து கணக்குப் பார்த்தபோது, குழுச் சுற்றுலாவுக்குக் கட்டியதைவிடக் குறைவாகவே ஆகியிருந்தது.

இவ்வளவு தூரம் போய் ஒரே ஊரா என்று உறவினர்கள் கேட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புக்குப் பயணக் காப்பீடும் வேண்டும். ஒரு நாட்டுக்குப் போனாலும் ஏழு நாட்டுக்குப் போனாலும் இது மாறப்போவதில்லை என்பதால் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் ஃபுளோரன்ஸ் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் வழக்கமும் ஐரோப்பாவில் எடுபடாது. மிலானில் லியனார்டோ வரைந்த கடைசி இராவுணவு ஓவியத்தின் முன் சிறு குழுவாக 15 நிமிடம்தான் விடுவார்கள், அதற்கும் முன்பதிவு வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் நாஜிகளிடமிருந்து மறைந்து வாழ்ந்த வீட்டுக்கு இணையத்தில் மட்டுமே சீட்டு. ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான சீட்டுகளைச் செவ்வாய்தோறும் விற்பனைக்கு விடுகிறார்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை; மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம், அன்று கூட்டம் நெரியும். உடையிலும் கவனம் வேண்டும்: சுசீந்திரத்தில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே போகலாம், புனித பேதுரு பேராலயத்திலோ தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் விடுவார்கள்.

மொழி தெரியாத, துணையில்லாத முதியவர்களுக்குக் குழுச் சுற்றுலா வசதி என்பதை மறுக்கவில்லை. அவர்களுக்காகவாவது, நம் மாவட்டத்தில் பயணங்களை ஏற்பாடு செய்கிறவர்கள் ஏழு நாட்டை இரண்டாகக் குறைத்து, ஓர் ஊரில் மூன்று இரவாவது தங்க வைக்கலாமே. திருவிதாங்கூர் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல் போரையும், அதில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் உதயகிரிக் கோட்டைக் கல்லறையையும் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்திய நான், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்றின் மாதிரியை நிறுத்தி வைத்திருக்கும் ஆம்ஸ்டர்டாம் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு மட்டும் ஒரு முழுப் பகல் ஒதுக்கியிருக்கிறேன். எந்தக் குழுப் பயணத்திலும் அது கிடைக்காது.

ஆகவே தங்கள் ஞாயிறு இணைப்பில் நாடுகளின் எண்ணிக்கையைப் பெரிதாக்காமல் வாரம் ஒரு நகரத்தை விரிவாக எழுதுமாறும், அந்தந்த அருங்காட்சியகத்தின் வார விடுமுறை நாளைத் தவறாமல் அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.