செயலரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வளர்ப்பு விலங்குகளின் தொல்வரலாற்றை எலும்புகளின் வழியே பயிலும் நம் சங்கத்தின் கூட்டங்களில் பெரும்பாலானவை, சென்ற ஆண்டு, எலும்பைச் சேதப்படுத்தாமல் பதிவு செய்யும் முறைகளுக்கே ஒதுக்கப்பட்டன. விலங்குத் தொல்லியலாளர் ஆஞ்சலா ஃபான் டென் டிரீஷ் 1976இல் வகுத்தளித்த அளவீட்டு விதிகளின்படி வெர்னியர் என்னும் நுண்ணளவுக் கருவி கொண்டு நீள அகலங்களை எடுப்பதை நம் உறுப்பினர்கள் முன்பே அறிவர். ஆயினும் ஒரு மண்டையோட்டின் வளைவை அந்த எண்கள் முழுமையாகச் சொல்வதில்லை. ஆகவே, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பல கோணங்களில் எடுத்த ஒளிப்படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரியை உருவாக்கி, அதில் குறிப்பிட்ட புள்ளிகளை இட்டு வடிவங்களை ஒப்பிடப் பயிற்சி அளித்தோம். அளவுகோல் இல்லாமல் எடுத்த படம் ஒப்பீட்டுக்கு உதவாது என்பதை இங்கும் வலியுறுத்துகிறேன்.

ஆண்டின் மிகப் பயனுள்ள விவாதம் உட்காது எலும்பைப் பற்றியது. தொன்மையான டி.என்.ஏ. நன்கு எஞ்சியிருக்கும் இடம் செவியைச் சூழ்ந்துள்ள இந்த அடர்ந்த எலும்பே என்பதால், ஆய்வகங்கள் இதையே துளையிட்டுப் பொடியாக்குகின்றன. ஆனால் காட்டுப்பன்றியையும் வளர்ப்புப் பன்றியையும் பிரித்தறிய உதவக்கூடிய, உடல் சமநிலையை உணரும் அரைவட்டக் குழல்களும் இதனுள்ளேயே அமைந்துள்ளன, எலும்பின் உள்ளமைப்பை எக்ஸ்-கதிரால் முப்பரிமாணமாகப் படம்பிடிக்கும் நுண் சி.டி. ஸ்கேன் எடுக்காமல் துளையிட்டால் அவ்வடிவம் மீளாமல் அழிந்துவிடும். மரபணு ஆய்வு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் அதற்கு முன் படம் வேண்டும்.

பாதுகாத்து வைத்த எலும்பு எவ்வளவு பேசும் என்பதற்கு ஜெர்மனியின் பான்-ஓபர்காசல் நாய் நல்ல சான்று. 1914இல் மனித எலும்புகளுடன் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமையான அதன் எச்சங்கள் முதலில் ஓநாயினுடையவை எனக் கருதப்பட்டன. 1970களின் இறுதியில் நடந்த மறு ஆய்வுதான் அதை நாய் என்றது. பின்னர் 2018இல், பற்களின் எனாமல் குறைபாடுகளைக் கொண்டு, அது டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயுற்ற குட்டியாய் இருந்திருக்கலாம் என்றும், மனிதர் பேணியதாலேயே சில வாரங்கள் உயிர் தரித்திருக்கக்கூடும் என்றும் ஆய்வாளர்கள் முடிவுரைத்தனர்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் முன்வைப்பார். நம் ஒப்பீட்டுத் தொகுப்பின் எந்த எலும்பிலும் ஆய்வுக்காகத் துண்டோ பொடியோ எடுக்குமுன் முப்பரிமாணப் பதிவு கட்டாயம் என்றும், அந்த முப்பரிமாண மாதிரியுடன் மூலப் படங்களும் இரு இடங்களில் சேமிக்கப்பட வேண்டும் என்றும் செயற்குழு பரிந்துரைக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழு நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறேன்.

செயலர்