ஆண்டுவிழா நடனம் குறித்துப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டுவிழாவில் நம் பள்ளியின் மேல்நிலை மாணவர்கள், கலிபோர்னியாவுக்கு வந்த சீனக் குடியேறிகளின் வரலாற்றை நடனமாக ஆடப்போகிறார்கள். தமிழ்ப்பள்ளி விழாவில் இது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

வோங் கிம் ஆர்க் சீனப் பெற்றோருக்குச் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், சமையல்காரர். சீனாவுக்குப் போய்விட்டு 1895-இல் திரும்பியபோது, 'நீ இந்நாட்டுக் குடிமகன் இல்லை' என்று அவரைத் தடுத்துவிட்டார்கள். அவர் வழக்காடினார். இந்த மண்ணில் பிறந்ததால் அவர் குடிமகனே என்று 1898-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாவில் வந்த நம் வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கும் அந்தத் தீர்ப்புதான் துணை நின்றது. சீனர்கள் குடியேறாதபடி சட்டம் போட்டு 1882-இல் சாத்திய கதவை, 1917-இல் இந்தியர்களுக்கும் சேர்த்தே சாத்தினார்கள். ஆகவே இதை அடுத்த வீட்டுக் கதையாக என்னால் பார்க்க முடியவில்லை.

நடனம் சியரா நெவாடா மலையில் தொடங்குகிறது. அங்கே ரயில் பாதைக்காகக் கருங்கல்லைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்ப, இருவர் மாறி மாறிச் சம்மட்டி அடிப்பார்கள். நாள் முழுக்க அடித்தாலும் ஓரடி முன்னேறுவதே பெரிது. பிள்ளைகள் மூவர் மூவராக இதைத்தான் பழகுகிறார்கள். உளி பிடிப்பவர் மற்ற இருவரையும் முழுதாக நம்ப வேண்டும் என்பதை நான் விளக்கவே தேவையிருக்கவில்லை, முதல் ஒத்திகையிலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. 1867 ஜூன் மாதம், வெள்ளையருக்கு இணையான கூலியும் குறைந்த வேலை நேரமும் கேட்டு அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் உணவை நிறுத்தி அதை முறித்தது. அந்தக் கட்டத்தில் தாளம் நிற்கும், எல்லோரும் கருவியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் உட்காருவார்கள். பார்க்கும் உங்களுக்கு அது நீளமாகத் தோன்றலாம். குறைக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்தது சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவு. 1910 முதல் 1940 வரை அங்கிருந்த குடியேற்ற நிலையத்தில், நாட்டுக்குள் வர வந்த சீனர்களை வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில் அடைத்துவைத்து விசாரித்தார்கள். உன் வீட்டுக்கு எத்தனை படி, பக்கத்து வீட்டில் யார் என்றெல்லாம் கேட்பார்கள். பதில் உறவினர் சொன்னதோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். மரச்சுவரில் அவர்கள் செதுக்கிய கவிதைகள் இன்றும் இருக்கின்றன. நடன இயக்குநர் லெனோரா லீ, 2017-இல் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே அவர்கள் வரலாற்றை நடனமாக நிகழ்த்தினார். நம் பிள்ளைகளும் ஆடுவதற்கு முன் அந்தச் சுவர்களைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. அனுமதிப் படிவம் இத்துடன் உள்ளது. படகுத்துறையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் ஏற்ற இறக்கமாக நடக்க வேண்டும். நல்ல காலணியும் தண்ணீரும் கொடுத்து அனுப்புங்கள்.

அப்புறம், உடை. சாதாரண நீலச் சட்டை, கறுப்புக் கால்சட்டை போதும். ஒட்டுச் சடை, கண்ணைச் சாய்த்து வரையும் ஒப்பனை எதுவும் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள் பலர் சீனக் குடும்பத்தினர். அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் விழாவுக்கு அழையுங்கள், முன்வரிசை இருக்கைகளை அவர்களுக்காக வைத்திருக்கிறோம்.

படிவத்தை அடுத்த ஞாயிறு வகுப்புக்குள் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்