மிட்டாய் ஜாடிக்குப் பின்னால்

ஐயா,

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனின் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் குட்டித் தேயிலைப் பை மாதிரி ஒரு புகையிலைப் பொட்டலம். உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டால் வாத்தியாருக்கே தெரியாதாம். பள்ளிக்கு எதிர்ப் பெட்டிக்கடையில், மிட்டாய் ஜாடிக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தருகிறார்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த அறிவிப்புப் பலகையும் இருக்கிறது, மேலே ட்யூஷன் விளம்பரம் ஒட்டியபடி!

மகனை அடிக்கவில்லை, உட்கார வைத்துப் பேசினேன். "எல்லாரும் வெக்கிறாங்கம்மா" என்றான்.

பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணை மட்டும்தான் பேச வேண்டுமா? பள்ளி மேலாண்மைக் குழுவினர், கவுன்சிலரையும் கூட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை அந்தக் கடைப் பக்கம் நடந்துவிட்டு வரட்டும். போதை மீட்பு ஆலோசனைக்கான 14446 என்ற இலவச எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதவும் செலவில்லை.

ஒரு மாணவனின் தாய்,
விருதுநகர்