பழைய பலகைக்கு ஒத்துவராத இணைப்பு போல்ட் தொகுப்பு: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சமையல் மேடைப் பலகை இணைப்புத் தொகுப்பின் செய்முறைத் தாளில் உள்ள தவறுகள்

ஐயா,

கழற்றி எடுத்த பழைய லேமினேட் பலகைகளுக்கும் ஏற்றது என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் தாளோ முழுக்க 38 மி.மீ. கனமுள்ள புதுப் பலகைக்கு மட்டுமே பொருந்துகிறது.

பழைய பலகைகளில் பல வெறும் 18 மி.மீ. துகள் பலகைதான் (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்தது). கனமாகத் தெரியட்டும் என்று விளிம்பில் மட்டும் அடியில் பட்டை ஒட்டியிருப்பார்கள், நடுவில் வெற்றிடம். உங்கள் தாள், இரு பலகைகளை இழுத்து இணைக்கும் போல்ட் உட்காரும் குழியைப் பலகையின் அடிப்பக்கத்தில் 22 மி.மீ. ஆழத்துக்குத் தோண்டச் சொல்கிறது. அப்படித் தோண்டினால் ரூட்டர் பிட் (குழி தோண்டும் இயந்திரத்தின் அலகு) மேலே ஒட்டிய லேமினேட் தகடான மைக்காவைப் பொத்துக்கொண்டு மேலே வராமல் என்ன செய்யும்? ஒரு பலகை அப்படித்தான் பாழானது. முதலில் வெற்றிடத்தில் 18 மி.மீ. பிளைவுட் துண்டை ஒட்டி, 30 மி.மீ. திருகாணி போட்டு இறுக்க வேண்டும். அதற்கு மேல் நீளமான திருகாணி ஆகாது. பிறகு குழியைத் தோண்டினால் மேல்பக்கம் 14 மி.மீ. மிஞ்சும். தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வெட்டும் முறையும் தலைகீழ். மைக்கா மேலே இருக்க சர்க்குலர் ரம்பத்தால் அறுக்கச் சொல்கிறீர்கள். அந்த ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே ஏறும். வெளியேறும் இடத்தில் மைக்கா சில்லுசில்லாகப் பெயரும். பலகையைக் கவிழ்த்துப் போட்டு, பல் நெருக்கமான கார்பைடு பிளேடால் அடிப்பக்கத்திலிருந்து அறுக்க வேண்டும். மைக்கா மேலே இருக்க அறுக்கலாம் என்பது தள்ளும்போது அறுக்கும் கைரம்பத்துக்குத்தான் பொருந்தும். அறுக்கும் கோட்டில் காய்ந்த சிலிக்கானையும் ஒளிந்திருக்கும் ஆணியையும் முன்பே நீக்கச் சொல்லியிருக்கலாம். பழைய பொருளில் பிளேடு போவது பெரும்பாலும் இவற்றால்தான்.

கொடுத்திருக்கும் வெள்ளைப் பசை தண்ணீர் தாங்காது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்து இணைப்பில் ஈரம் இறங்கினால் துகள் பலகை உப்பும். உப்பியது காய்ந்தாலும் பழைய நிலைக்கு அமுங்காது. போதாக்குறைக்கு, போல்ட்டை முடுக்கிய பிறகு இடுக்கில் பசையைப் பிதுக்கச் சொல்கிறீர்கள். இறுகிய இடுக்கில் அது எப்படி உள்ளே போகும்? அறுத்த இரு முகங்களிலும் ஈரம் தாங்கும் பசையை முழுக்கப் பூசிவிட்டுத்தான் முடுக்க வேண்டும்.

இன்னொன்று: போல்ட் இழுத்துப் பிடிக்குமே தவிர, மட்டம் பார்க்காது. வேறு வேறு சமையலறையிலிருந்து வந்த பலகைகள் கனத்தில் 1 மி.மீ. வேறுபட்டாலே போதும், இணைப்பு விரலில் இடறும். மேல்முகத்தை அளவாக வைத்து வெட்டிய பள்ளங்களில் செருகும் பிஸ்கட் கட்டைகள் (இரு பலகைகளையும் மட்டமாகப் பிடிக்கும் மெல்லிய மரத்துண்டுகள்) அவசியம். தொகுப்பில் ஒன்றுகூட இல்லை.

தொகுப்பின் முழுத்தொகையையும் திருப்பித் தாருங்கள். தாளைத் திருத்தி, பசையை மாற்றும்வரை பெட்டியிலிருந்து ‘பழைய பலகைகளுக்கும் ஏற்றது’ என்ற வாசகத்தை நீக்குங்கள். ஓட்டை விழுந்த பலகையின் படங்கள், விற்பனை ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளோம். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தேவை.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்கள்