பெரிய பிளான் போடறதுக்கு முன்னாடி வீட்டுச் சுவத்தைப் பாருங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி பக்கத்துல இருந்து எழுதறேன். மலையில நெட் ஸ்லோ, டவர் இல்லன்னு நம்ம பேப்பர்ல அடிக்கடி கடிதம் வருது. அதெல்லாம் நியாயமான குறைதான், கொரோனா சமயத்துல என் பொண்ணு ஆன்லைன் கிளாஸுக்காக குடையைப் பிடிச்சுக்கிட்டு தேயிலைத் தோட்டத்து மேட்டுல உக்காந்திருந்தது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. ஆனா இப்ப நிறைய வீடுகளுக்கு பைபர் வந்தாச்சு, வந்த பிறகும் நெட் சரியில்ல சரியில்லன்னு சொல்லி மாசாமாசம் கூடக் காசு கட்டி பெரிய பிளானுக்கு மாறிக்கிட்டே இருக்காங்க. எங்க வீட்லயும் அதேதான் பண்ணோம். கடைசியில பாத்தா லைன்ல ஒரு குத்தமும் இல்ல, வீட்டுக்குள்ள நெட்டைக் கொண்டு போன விதத்துலதான் குத்தம்.

எங்களுது மாமனார் காலத்து வீடு, கருங்கல் சுவரு, ரெண்டு அடி கனம். கனெக்‌ஷன் குடுக்க வந்த தம்பிங்க முன் வராந்தாவுல மீட்டர் பெட்டி பக்கத்துலயே ரவுட்டரை மாட்டிட்டுப் போயிட்டாங்க, வீட்ல யாரு எங்க உக்காந்து வேலை பாக்கறாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. பொண்ணு கோயமுத்தூர் கம்பெனிக்கு வீட்ல இருந்தே வேலை பாக்கறா, அவ ரூம் பின்பக்கம், நடுவுல மூணு கல் சுவரு. மீட்டிங்ல பேசிக்கிட்டே இருப்பா, பாதியில அவ குரல் அறுந்து போயிரும். பிளானை 50-ல இருந்து 100 எம்பிபிஎஸ் (Mbps, நெட் வேகத்தோட அளவு) ஆக்கினோம், அப்புறமும் அதே கதைதான்.

ஒருநாள் பொண்ணு லேப்டாப்பை ரவுட்டர்கிட்ட கொண்டு போய் கேபிள்ல நேரா சொருகி ஸ்பீடு பாத்தா, 94 வருது. அவ ரூம்ல வைஃபைல பாத்தா 3. அன்னைக்குத்தான் எங்களுக்கு விஷயமே புரிஞ்சுது. வாசகர்கள் யாரா இருந்தாலும் கம்ப்ளெயிண்ட் பண்றதுக்கு முன்னாடி இந்த ஒரு சோதனையை மட்டும் பண்ணிப் பாருங்க. கேபிள்ல நல்லா வந்து ரூம்ல வரலன்னா பிளான் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல.

மிஸ்ட் இறங்குனா நெட் போயிரும்னு நம்ம பக்கம் எல்லாரும் சொல்லுவாங்க. வீட்டுக்குள்ள இருக்கற தூரத்துக்கு மிஸ்ட் ஒண்ணும் பண்ணாது, கல்லுச் சுவருதான் வைஃபையை உறிஞ்சுது, மழைக்காலத்துல அந்தச் சுவரு ஊறிப்போனா இன்னும் மோசம். வைஃபைல ரெண்டு அலைவரிசை இருக்கு, 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி ஆனா கனமான சுவரைத் தாண்டாது, 2.4 கொஞ்சம் தாண்டும், வேகம் கம்மி. 1822-ல கோயமுத்தூர் கலெக்டரா இருந்த சல்லிவன் துரை ஊட்டியில கட்ட ஆரம்பிச்ச ஸ்டோன் ஹவுஸ்ல இருந்து குளிருக்குன்னு கனமா கல்லுச் சுவரு வச்ச பழைய வீடுங்க நம்ம மலையில எத்தனையோ இருக்கு, கீழ சமவெளியில செங்கல் வீட்டுக்குப் பண்ற மாதிரியே ஒரே ஒரு ரவுட்டரை வாசல்ல மாட்டிட்டுப் போனா இங்க எப்படிங்க எடுக்கும்?

கேபிள் இழுக்கறதுதான் வழின்னு முடிவு பண்ணோம். கேட் 6-ங்கற (Cat 6) நெட்வொர்க் கேபிள் ஒரு 30 மீட்டர் வாங்கி, ஓட்டை போடாம பரண் வழியா கொண்டு போனோம், இந்த கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். ரவுட்டர்ல சொருகறதுக்கு கேபிள் முனையில பிளாஸ்டிக் கிளிப் அடிக்கறதை நானே கத்துக்கிட்டேன். உள்ள எட்டு கம்பி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன், இந்த வரிசை ரெண்டு முனையிலயும் ஒண்ணா இருக்கணும். நகத்தால நீவி நேராக்கி, சமமா வெட்டி, கிளிப்புக்குள்ள தள்ளினா எட்டும் முனை வரைக்கும் போய் முட்டணும். மொத தடவை பிரவுன் கம்பி ஒரு நூல் அளவு உள்வாங்கிருச்சு, நெட் வந்துச்சு ஆனா ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்பு வரல, 100-லயே நின்னுருச்சு, ஏன்னா 100-க்கு நாலு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். வெட்டிட்டு மறுபடி அடிச்சேன், சரியாச்சு.

அந்த முனையில பழைய ரவுட்டர் ஒண்ணு சும்மா கிடந்ததை மாட்டினோம், அப்ப ஒரு தப்பு பண்ணோம். ரெண்டு ரவுட்டரும் போன், லேப்டாப்புக்கெல்லாம் தனித்தனியா நெட்வொர்க் அட்ரஸ் (நம்பர்) குடுக்க ஆரம்பிச்சிருச்சு, போன்ல வைஃபை கனெக்டட்னு காட்டுது ஆனா ஒரு பக்கமும் திறக்கல, ரெண்டு நாள் மண்டை காஞ்சோம். ரெண்டாவது ரவுட்டர்ல டிஎச்சிபியை (DHCP, இந்த அட்ரஸ் குடுக்கற வேலை) ஆஃப் பண்ணி, மொத ரவுட்டரோட அட்ரஸ் 192.168.1.1-ன்னா இதுக்கு 192.168.1.2-ன்னு மாத்தி, கேபிளை அதோட லேன் (LAN, வீட்டுக்குள்ள இருக்கற கருவிகளுக்கானது) ஓட்டையில சொருகணும், வேன் (WAN, வெளியில இருந்து வர்ற லைனுக்கானது) ஓட்டையில இல்ல. வைஃபை பேரும் பாஸ்வேர்டும் ரெண்டுலயும் ஒண்ணாவே வச்சுட்டோம். அப்படியே ரவுட்டர் செட்டிங்குக்குள்ள போறதுக்கான அட்மின் பாஸ்வேர்டையும் மாத்திருங்க, வந்தது வந்தபடி விட்டுராதீங்க.

இடியைப் பத்தி கட்டாயம் சொல்லணும். பின்னாடி தனியா இருக்கற கொழுந்தனார் வீட்டுக்கு அதே செம்புக் கேபிளை வெளியில இழுத்துக் குடுத்திருந்தோம். ஐப்பசி மழையில ஒரு இடி, ரெண்டு வீட்டு ரவுட்டர்லயும் அந்த கேபிள் சொருகின ஓட்டை மட்டும் கருகிப் போச்சு, பக்கத்துலதான் அவங்க சின்னப் பையன் படிச்சுக்கிட்டு இருந்தான், இப்ப நினைச்சாலும் ஈரக்குலை நடுங்குது. வீட்டை விட்டு வெளிய போற கேபிள் பைபராத்தான் இருக்கணும், கண்ணாடி இழையில கரண்ட் பாயாது. ரெண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (பைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கற டப்பா) வச்சு மாத்திட்டோம். சில பைபர்ல தாங்குறதுக்குன்னு இரும்புக் கம்பி கூடவே வரும், அதை வெளியிலயே வெட்டி விட்டுரணும், வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாது. வராந்தாவுல இருக்கற கிளிப்பை மழைக்காலம் முடிஞ்சதும் கழட்டிப் பாருங்க, பித்தளைச் சாமான்ல பிடிக்கற மாதிரி பச்சையா களிம்பு பிடிச்சிருக்கும்.

ஐயா, உங்க பேப்பர் மூலமா நான் கேக்கறது இதுதான். கனெக்‌ஷன் குடுக்கற கம்பெனிங்க வாசல்ல டப்பாவை மாட்டிட்டுப் போகாம, வேலை நடக்கற ரூம் வரைக்கும் கேபிள் இழுத்துக் குடுத்து, அங்க வச்சு ஸ்பீடு காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும், கேபிளுக்கு ஆகற காசை நாங்க குடுக்கறோம். சில்வர் ஓக் மரத்துல பைபரைக் கட்டறதையும் நிறுத்தணும், காத்துல மரம் ஆடி ஆடி அறுந்துருது, அறுந்தா அந்தத் தெருவுக்கே நெட் இல்ல. புதுசா வீடு கட்டறவங்க பூச்சு வேலைக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு இஞ்ச் பிவிசி பைப்பைக் காலியா, உள்ள ஒரு நூலோட விட்டு வைங்க. எங்க தெருவுல வீடு கட்டற ஒரு அண்ணாகிட்ட போன மாசம் இதைச் சொன்னேன், மேஸ்திரியைக் கூப்பிட்டு அன்னைக்கே நாலு ரூமுக்கும் வச்சுட்டாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.