85 மார்க் வாங்கியவன் கையில் மீன் ஏன் செத்தது

அன்புள்ள மச்சான்,

உன் வாய்ஸ் மெசேஜை முழுசாகக் கேட்டேன். பாதி திட்டு, பாதி கேள்வி. கொல்கத்தாவிலிருந்து ரயிலில் உன் கடைக்கு வந்த மீன் பாக்கெட்டுகளை எங்கள் கல்லூரியில் படித்த பையனை நம்பி ஒப்படைத்தாயாம், அவன் எல்லாப் பாக்கெட்டையும் வாயைத் திறந்து வைத்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பழக்கினானாம், மறுநாள் காலையில் பாதி மீன் மிதந்ததாம். "அலங்கார மீன் பேப்பர்ல 85 மார்க்டா, ஷீட்டைக் காட்டினான், என்னதான் சொல்லிக் குடுக்கிறீங்க அங்க?" என்கிறாய். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம், அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். கடையை மூடிவிட்டுச் சாவகாசமாகப் படி.

முதலில், அவன் செய்தது சோம்பேறித்தனம் இல்லை. புத்தகத்தில் உள்ளதை அப்படியே செய்திருக்கிறான். பக்கத்துக் கடையிலிருந்து அரை மணியில் வந்து சேரும் மீனுக்கு அது சரியான வைத்தியம். ஒரு நாளுக்கு மேல் கட்டிக் கிடந்த பாக்கெட்டுக்கு அதுவே எமன். உனக்கு இது அனுபவத்தில் தெரியும், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மீன் விடும் கரியமில வாயு உள்ளேயே அடைந்து தண்ணீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், இறங்கியிருக்கும். அம்மோனியா நிறையச் சேர்ந்திருந்தாலும் பிஎச் குறைவாக இருக்கும்வரை அது பெரும்பாலும் அவ்வளவு கெடுதல் இல்லாத அம்மோனியமாகவே கிடக்கும். வாயைத் திறந்தாயோ, கரியமில வாயு வெளியேறுகிறது, பிஎச் ஏறுகிறது, அதே அம்மோனியா விஷமாக மாறுகிறது. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷ வடிவம் அரை சதவீதத்தை ஒட்டித்தான், பிஎச் 8 என்றால் 5 சதவீதத்தை ஒட்டி. கிட்டத்தட்ட பத்து மடங்கு. பாக்கெட்டை மூடியபடியே மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கி, திறந்த பிறகு தாமதிக்காமல் மீனை வலையில் அள்ளி விட்டுவிட்டு, பாக்கெட் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுகிறாயே, அதற்கு இதுதான் கணக்கு.

உன் மெசேஜ் வந்த பிறகு அவனுடைய பழைய இன்டர்னல் பேப்பரைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அம்மோனியாவின் நச்சுத்தன்மைக்கும் பிஎச்சுக்கும் உள்ள தொடர்பு, ஐந்து மார்க் கேள்வி, முழு மார்க். புது மீனைத் தொட்டிக்குப் பழக்கும் முறை, படம் போட்டு விளக்கியிருக்கிறான், அதிலும் முழு மார்க். இரண்டுமே அவனுக்குத் தெரியும் மச்சான். இரண்டையும் ஒரே கேள்வியாகச் சேர்த்து யாரும் அவனிடம் கேட்டதே இல்லை, முதல் ஆளாகக் கேட்டது நீதான், அதுவும் கைக்காசைப் போட்டு.

நீ வியாபாரத்துக்குப் போய்த் தப்பித்தாய், இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் 'கோர்ஸ் அவுட்கம்' என்று சில வாக்கியங்கள் எழுத வேண்டும். அவற்றை மொத்தப் படிப்பின் அவுட்கம்களோடு கட்டம் போட்டுப் பொருத்தி 1, 2, 3 என்று எண் கொடுக்க வேண்டும், தேர்வு முடிந்ததும் எத்தனை பேர் குறித்த மார்க்கைத் தாண்டினார்கள் என்று பார்த்து 'அட்டெயின்மென்ட்' கணக்கிட்டு எக்செல்லில் ஏற்ற வேண்டும், கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் (NAAC) அமைப்பு கேட்டால் ஃபைல் தயாராக இருக்க வேண்டும். அடிப்படை யோசனையில் எனக்குச் சண்டை கிடையாது. படித்து முடிக்கும்போது இவனுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய், அப்புறம் அது நடந்ததா என்று பார். நியாயம்தானே? ஆனால் எழுதும்போது 'நீரின் தரத்தைப் புரிந்துகொள்வார்' என்று எழுதிவிடுகிறார்கள். புரிந்துகொண்டானா என்று கண்ணால் பார்க்க முடியாது, அதனால் அது ஒரு ஐந்து மார்க் கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. எங்கள் ஃபைலில் எல்லாக் கட்டமும் பச்சை. உன் தொட்டியில் பாதி மீன் காலி.

இதைவிட மோசம் ரெக்கார்டு நோட்டு. ஆய்வகத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தொட்டி, தினமும் வெப்பநிலை, பிஎச், அம்மோனியா, நைட்ரைட் பார்த்து எழுத வேண்டும். ஒரு குழுவின் நோட்டில் வாரக்கணக்கில் வெப்பநிலை 28, பிஎச் 7.5, அம்மோனியா பூஜ்யம். அதுவும் புதுத் தொட்டி! அம்மோனியாவைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ரஜன் சுழற்சி பிடிக்கவே பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும், முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அதன் பின்னாலேயே நைட்ரைட் ஏறி இறங்கும், நைட்ரேட் கடைசியாகத்தான் சேரும். இதே சுழற்சியை நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று பாக்டீரியா பெயரோடு வட்டம் போட்டு அம்புக்குறி போட்டு எழுதுகிற பிள்ளைகள்தான் முதல் நாளிலிருந்தே பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு பெண் மட்டும் தயங்காமல் சொன்னாள், "அம்மோனியா இருக்குன்னு எழுதினா டேங்க்கைச் சரியா பார்த்துக்கலைன்னு மார்க் குறைச்சிடுவாங்க சார்." பல வருஷமாக இருந்துவரும் மதிப்பெண் திட்டத்தை எடுத்துப் பார்த்தால், 'தொட்டியை நல்ல நிலையில் பராமரித்தல்' என்றுதான் இருக்கிறது. அவள் சொன்னது சரி. பொய் எழுதினால்தான் மார்க் என்று திட்டமே சொல்கிறது, அந்தப் பாடத்தை மட்டும் வகுப்பு மொத்தமும் நன்றாகக் கற்றிருக்கிறது.

இந்த வருஷம் அதை மாற்றிவிட்டோம். எண் நல்லதா கெட்டதா என்பதற்கு மார்க் இல்லை. எண் விலகிய அன்று என்ன எழுதினான், என்ன செய்தான், செய்த பிறகு மறுபடி அளந்தானா, இதற்குத்தான் மார்க். நடுவில் சொல்லாமல் போய் நானே ஒருமுறை அளந்து குறித்துக்கொள்வேன், ஒப்பிட்டுப் பார்க்க. இப்போது நோட்டெல்லாம் அசிங்கமாக இருக்கின்றன, அடித்தல் திருத்தல், தண்ணீர் பட்ட கறை, "நைட்ரைட் 2, தீவனம் நிறுத்தினோம், கால் பங்கு தண்ணீர் மாற்றினோம், திரும்பப் பார்த்தால் 1.5" என்றெல்லாம். படிக்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

பிராக்டிகல் தேர்வையும் மாற்றலாம் என்ற யோசனை வீட்டிலிருந்து வந்தது. என் வீட்டுக்காரி புதுச்சேரியில் நர்ஸிங் பாடம் எடுப்பது உனக்குத் தெரியுமே. அவர்களுக்கு 'ஆஸ்கி' (OSCE) என்று ஒரு தேர்வு முறை, 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஹார்டன் என்ற மருத்துவப் பேராசிரியரும் உடன் வேலை செய்தவர்களும் அறிமுகப்படுத்தியது. வரிசையாக மேஜை போட்டிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வேலை, சில நிமிஷம்தான், மணி அடித்தால் அடுத்த மேஜை. எல்லா மாணவருக்கும் அதே வேலை, பார்ப்பவர் கையில் அதே பட்டியல். சாப்பிடும்போது அவள் இதைச் சொல்லச் சொல்ல, நோயாளி இருக்கும் இடத்தில் மீனை வைத்தால் போதுமே என்று தோன்றியது.

வைத்தும் பார்த்தோம். ஒரு மேஜையில் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், காய்ச்சி வடித்த தண்ணீர், தேவனாம்பட்டினத்தில் மொண்டு வந்த ஒரு வாளி கடல் தண்ணீர். முதலில் வடிநீரில் பூஜ்யம் பார்க்கிறானா என்பதுதான் நாங்கள் கவனிப்பது. மழைக்குப் பிறகு கெடிலம் ஆற்றுத் தண்ணீர் வந்து கலக்கிற பக்கம் எடுத்தால் உப்பு, கடலுக்கு வழக்கமான ஆயிரத்துக்கு 35-க்குக் கீழே காட்டும். அதைப் பார்த்துக் கருவி கெட்டுப்போச்சு என்றவர்களும் உண்டு, எங்கே எடுத்த தண்ணீர் சார் என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. இரண்டாவது வகை எனக்குப் பிடித்தது. இன்னொரு மேஜையில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி, அடியில் இரண்டு அங்குலம் கல், மேலே இரண்டு அங்குலம் காலி. வெள்ளைப் புள்ளி நோய்க்கு எவ்வளவு மருந்து? பெரும்பாலானவர்கள் கண்ணாடியின் அளவைப் பெருக்கி 190 லிட்டர் என்று போட்டார்கள், உள்ளே தண்ணீர் 150 லிட்டர்கூடத் தேறாது. கால் பங்குக்கு மேல் மருந்து கூடுதல். பேப்பரில் கன அளவுக் கணக்கு எல்லாருக்கும் சரியாக வருகிறது, தெரியுமா!

கடைசி மேஜையில் மீன் வாங்க வந்த ஒரு பார்ட்டி உட்கார்ந்திருப்பார். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு கோல்டு ஃபிஷ் வேண்டும், பிள்ளைக்குப் பிறந்தநாள், இப்போதே வேண்டும் என்று அடம்பிடிப்பார். அவரை நோகடிக்காமல் மறுத்து, வேறு வழி சொல்லி அனுப்ப வேண்டும். பார்ட்டி வேஷம் எங்கள் லேப் அசிஸ்டென்ட்டுக்கு. மனிதர் வெளுத்து வாங்குகிறார்.

மார்க் போடுவதில்தான் தகராறு. உடன் வேலை செய்யும் மேடமும் நானும் ஒரே பையனைத் தனித்தனியாகப் பார்த்து மார்க் போட்டோம், அவர் நாலு, நான் இரண்டு. ஏன் என்று உட்கார்ந்து பார்த்தால், பட்டியலில் 'மீனை நன்றாகக் கையாண்டார்' என்று இருக்கிறது. அவருக்கு நன்றாக என்றால் பதற்றமில்லாமல், எனக்கு நன்றாக என்றால் வலையை நனைத்த பிறகு. 'நன்றாக', 'ஓரளவு', 'சிறப்பாக' எல்லாவற்றையும் அடித்துவிட்டு, வலையை நனைத்தாரா, மருந்துக்கு முன் ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்தாரா, தண்ணீர் மாற்றும் முன் அளந்தாரா என்று எழுதினோம். அதற்குப் பிறகு இரண்டு பேர் மார்க்கும் கிட்டக்கிட்ட வருகிறது. துறையில் சிலர் இதெல்லாம் எல்.கே.ஜி. மாதிரி இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று, அதற்குச் செலவே இல்லை. சேர்ந்த முதல் வகுப்பில் எல்லாரையும் ஒரு தொட்டி முன்னால் உட்கார வைத்து, பத்து நிமிஷம் பார்த்து என்ன தெரிகிறதோ எழுது என்கிறோம். தமிழோ ஆங்கிலமோ, எதிலும் எழுதலாம். மார்க் கிடையாது. தாளை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு, பருவம் முடியும்போது மறுபடி அதே வேலை. முதல் தாளில் "ஆரஞ்சு கலர் மீன் நாலு, செடி, பபிள் வருது, அழகாக இருக்கிறது" என்று எழுதிய பெண், கடைசித் தாளில் "இடது ஓரத்து மீன் மட்டும் செவுளை வேகமாக அடிக்கிறது, துடுப்பை ஒடுக்கி வைத்திருக்கிறது, மேலே படலம் இருக்கிறது, ஃபில்டரிலிருந்து தண்ணீர் வரும் வேகம் குறைவு, முதலில் அதைக் கழற்றிப் பார்ப்பேன்" என்று எழுதியிருக்கிறாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தப் பெண் என்ன கற்றாள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிலருடைய இரண்டு தாளும் ஒரே மாதிரி இருக்கின்றன. அதுவும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

மீனவக் குப்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். எழுத்துத் தேர்வில் தட்டுத் தடுமாறுவான், அந்தத் தொட்டி முன்னால் உட்கார வைத்தால் முதல் தாளிலேயே மற்றவர்கள் கடைசித் தாளில் எழுதுவதை எழுதிவிட்டான். உடனே நீ 'பார்த்தியா, அனுபவம்தான்' என்று ஆரம்பிக்காதே. மருந்தைக் கண் மதிப்பில் ஊற்றுவான், அளவைச் சொன்னால் சிரிப்பான். மருந்துக் கணக்கு மேஜையில் அவனுக்குப் பூஜ்யம். முன்பு அவனுக்கு மொத்தமாக 42 என்று ஒரு மார்க்தான் தெரியும், அதில் எது வரும் எது வராது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். கரண்ட் போனதும் ஹாஸ்டல் பிள்ளைகள் சிலர் ஆய்வகத்துக்கு வந்துவிட்டார்கள். பேட்டரி ஏர் பம்ப் இருந்ததைக் கூட்டமான தொட்டிகளுக்கு மட்டும் போட்டு, மற்றவற்றில் மக்கால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தீவனம் போடவில்லை, யாரும் சொல்லாமலே. கரண்ட் திரும்பியதும் ஒருவன் கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஓடவிடாமல், உள்ளே தேங்கி நாறிய தண்ணீரைக் கொட்டி அலசிவிட்டுத்தான் ஸ்விட்சைப் போட்டிருக்கிறான். ஓடவிட்டிருந்தால் அவ்வளவும் தொட்டிக்குள் போயிருக்கும். இது எந்த அவுட்கம் கட்டத்தில் வரும் என்று தேடினேன், எதிலும் வரவில்லை. 'சம்பவக் குறிப்பு' என்று நோட்டில் ஒரு பக்கம் இப்போது சேர்த்திருக்கிறோம்.

அமெரிக்காவில் ஓரிகன் கடற்கரையில் நியூபோர்ட் என்று ஒரு ஊர். அங்கே உள்ள கம்யூனிட்டி காலேஜில் அக்வேரியம் சயன்ஸ் என்றே தனிப் படிப்பு இருக்கிறது. ஊரிலேயே பெரிய மீன் காட்சியகம், ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம், இரண்டும். மாணவர்கள் பயிற்சிக்கு வெளியே போய் வேலை செய்தே ஆக வேண்டும். அதற்காக நாம் புலம்ப வேண்டியதில்லை. தெற்கே கொஞ்ச தூரத்தில் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி, 1961-இலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வடக்கே சென்னைக் கொளத்தூரில் நீ இருக்கிறாய்.

அதனால் உன்னிடம் இரண்டு வேலை. வேலைக்கு எடுப்பவர்களிடம் கருத்துப் படிவம் வாங்க வேண்டும் என்று விதி, வழக்கமான படிவத்தில் 'திருப்தி', 'மிகவும் திருப்தி' என்று டிக் அடித்து அனுப்புகிறார்கள், அதை வைத்து நான் என்ன செய்ய? நீ வேறு மாதிரி எழுது. முதல் வாரம் எந்த வேலையை அவனிடம் தனியாக விட மாட்டாய், மூன்று மாதம் கழித்து எதை விடுவாய், எதை எப்போதும் விட மாட்டாய், ஏன். நாலு வரி போதும், கெட்ட வார்த்தையை மட்டும் எடுத்துவிடு.

இரண்டாவது, அடுத்த பிராக்டிகலுக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினராக நீயே வா. பெட்டிக்கடைச் சாமான் மாதிரி மேஜைக்கொரு கருவியை அடுக்கி வைத்துத் தேர்வு நடத்துவதை விட, நீ கொண்டு வரும் நிஜ பாக்கெட் ஒன்று மேஜை மேல் இருந்தால் போதும். மீன் வேண்டாம், மீன் வந்திறங்கிய பழைய தண்ணீரோடு கட்டியே கொண்டு வா, மேலே கட்டிய நேரத்தை எழுதி ஒட்டிவிடு. திறக்கும் முன் என்ன கேட்கிறார்கள் என்று நாம் இரண்டு பேரும் நின்று பார்ப்போம். பயணப்படி வர மாதக்கணக்கில் ஆகும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது சீரியலில் யார் பொட்டு வைக்கவில்லை என்பது வரை தெரிகிறதாம். பெரியவள் பிளஸ் டூ, விலங்கியல் பிடிக்கிறது என்கிறாள், நான் வாயைத் திறக்கவில்லை. உன் பையனுக்குக் காய்ச்சல் என்றாயே, விட்டதா?

அந்தப் பையனை வேலையை விட்டு அனுப்பிவிட்டாயா இல்லையா என்று நீ சொல்லவே இல்லை. அனுப்பவில்லை என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு வா, அந்த மேஜையை அவனே பார்த்துக்கொள்ளட்டும். தேதியைப் போன வாரமே கேட்டார்கள், சீக்கிரம் சொல்.

உன் பழைய ரூம்மேட்,
கடலூர்