நுரையீரலின் எதிர்ப்பு செல்கள் எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுரையீரல் நோய்களைப் பற்றிய செய்திகளில் நோய் எதிர்ப்பாற்றல் என்பது ஏறி இறங்கும் ஒற்றை அளவாகவே பெரும்பாலும் காட்டப்படுகிறது. நுரையீரலுக்குள் இருக்கும் நிலைமை அதனின்று வெகுவாக வேறுபட்டது.

நுரையீரலின் ஒரு பகுதிக்குள் உப்புநீரைச் செலுத்தித் திரும்ப உறிஞ்சி எடுக்கும் பரிசோதனையில், புகைபிடிக்காத, நோயற்ற ஒருவரிடம் கிடைக்கும் செல்களில் பெரும்பாலானவை மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்களே. நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணு வகை வழக்கமாக நூற்றுக்கு மூன்றுக்குள் அடங்கிவிடும். இரத்தத்திலோ வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில்களே அதிகம். ஆகவே, இரத்தப் பரிசோதனை அறிக்கையை மட்டும் கொண்டு நுரையீரலின் எதிர்ப்பாற்றலைக் கணிக்க இயலாது.

அந்த மேக்ரோபேஜ்களிலும் பிரிவுகள் உண்டு. காற்று நுண்ணறைக்குள் இருப்பவை தூசியையும் கிருமியையும் விழுங்குவதோடு, நுண்ணறைகள் சுருங்கி மூடிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் படலத்தில் மிகுந்துபோனதையும் அகற்றுகின்றன. இவ்வேலைக்கு ஜிஎம்-சிஎஸ்எஃப் என்னும் புரதம் தேவை. உடலே அதற்கு எதிரான எதிர்ப்பொருளை உண்டாக்கிவிட்டால், கிருமித் தொற்று எதுவும் இல்லாமலேயே படலப்பொருள் தேங்கி, மூச்சுத்திணறல் ஏற்படுகிறது. திசுக்களின் இடைவெளியில் வாழும் மேக்ரோபேஜ்கள் வேறு வகை. மோனோசைட்டுகள் எனப்படும் இரத்த வெள்ளணுக்கள் நுரையீரலுக்குள் நுழைந்து புதிதாக மாறுபவை மற்றொரு வகை. கடுமையான கொரோனா நோயாளிகளிடம் பெருகி அழற்சியைத் தூண்டியவை இவையே. ஆக்சிஜன் தேவைப்பட்ட அந்நோயாளிகளுக்கு, எதிர்ப்புச் செயலை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்து இறப்பைக் குறைத்ததென 2020-இல் நிறுவப்பட்டபோது பலர் வியந்தனர்; இந்த வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு அதில் வியப்புக்கு இடமில்லை.

கிருமிகளை இனங்கண்டு எதிர்க்கும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்களிலும் இதே கதைதான். ஃபுளூ போன்ற தொற்றுக்குப் பின் நுரையீரலிலேயே தங்கிவிடும், அக்கிருமியை நினைவில் வைத்திருக்கும் ‘நினைவு’ டி செல்கள் இரத்தத்தில் சுற்றித் திரிவதில்லை. அதனால் கையிலிருந்து எடுத்த இரத்தத்தில் அவற்றைத் தேடிப் பயனில்லை.

486 பேரிடமிருந்து பெறப்பட்ட சுமார் 24 லட்சம் செல்களின் தரவுகளை ஒருங்கிணைத்து, மனித நுரையீரலின் செல் வரைபடம் 2023-இல் வெளியாகியுள்ளது. இனி எதிர்ப்பாற்றல் குறித்த ஆய்வுச் செய்திகளை வெளியிடுகையில், எந்த வகைச் செல் ஆராயப்பட்டது, அது இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டதா நுரையீரலிலிருந்தா என்ற இரு விவரங்களையேனும் தங்கள் நாளிதழ் தவறாது சேர்க்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்